குள்ளப் பையன் என்று ஒதுக்கினார்கள்!

ஓடவே கூடாது என்று டாக்டர்கள் சொன்ன ரஷியச் சிறுவன், ஐஸ் ஹாக்கியில் உலகப் புகழ் பெற்ற கதை

1962-ம் ஆண்டு. கோடை காலம். மாஸ்கோ நகரம்.

லெனின்கிராட் சாலையில் ஒரு விளையாட்டு அரங்கம். அதன் முன்னே சிறுவர்கள் கூட்டமாக நின்றார்கள். ராணுவ விளையாட்டுக் கழகம் தனது ஐஸ் ஹாக்கிப் பள்ளிக்குப் பையன்களைப் பொறுக்கி எடுத்துக் கொண்டிருந்தது. 1949-ம் ஆண்டில் பிறந்த பையன்களை அப்போது சேர்த்தார்கள்.

கூட்டத்தில் ஒரு சிறுவன். ஒல்லியான உடம்பு. கறுத்த முடி. துறுதுறுத்த கண்கள். கூடவே அவனுடைய தகப்பனார் வந்திருந்தார்.

அந்தப் பையன் 1949-ல் பிறந்தவன் அல்ல. 1948-ல் பிறந்தவன். ஒரு வயதைக் குறைத்துச் சொல்லிவிட்டான்! ஆள் சிறியவனாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வயதாவது போகட்டும். அவன் இதய நோயாளி! ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, பளு தூக்கக்கூடாது என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். மகனைத் தகப்பனார் எங்கே அழைத்துக்கொண்டு போயிருக்கிறார் என்பது வீட்டில் இருந்த தாயாருக்குத் தெரியாது.

பையனைப் பனித்தரையில் சறுக்கி ஓடச் சொன்னார்கள். ஓடினான். பயிற்சியாளர் போரிஸ் குலாகின் பார்த்தார். அவனை எடுத்துக்கொண்டார்.

பையனின் பெயர் வலேரி கர்லாமோவ்.

ஆகாய வீரன் பெயர்

வலேரி பிறந்தது 1948-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி. அந்தக் காலத்தில் ரஷியா முழுவதும் வலேரி சக்காலோவ் என்ற விமானியின் பெயர் பிரபலம். அந்த வீரனின் பெயரையே பெற்றோர் பிள்ளைக்கு வைத்தார்கள்.

தகப்பனார் போரிஸ் மாஸ்கோவில் ஓர் இயந்திர ஆலையில் தொழிலாளி. ஓய்வு நேரத்தில் பனித்தரையில் பந்து ஹாக்கி ஆடுவார். தாயார் கார்மென். அவரும் ஆலைத் தொழிலாளிதான். ஆனால் அவர் ரஷியப் பெண் அல்ல. ஸ்பெயின் நாட்டுக்காரர்!

ஸ்பெயினில் 1936-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. விமானங்கள் ஊர்கள் மீது குண்டு பொழிந்தன. பெற்றோர்கள் வேறு வழி தெரியாமல், பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்று கப்பலில் ஏற்றி வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். ரஷியாவுக்கு மட்டும் ஏறக்குறைய 3,000 குழந்தைகள் போய்ச் சேர்ந்தார்கள். பில்பாவ் நகரில் பிறந்த கார்மெனும் அவர்களில் ஒருத்தி. அப்போது அவள் சிறுமி. சில மாதம் என்று நினைத்துப் போனவள், அங்கேயே வளர்ந்து, அங்கேயே மணம் முடித்துவிட்டாள்.

1956-ல்தான் அந்தக் குழந்தைகள் தாய்நாடு திரும்ப வழி பிறந்தது. கார்மென் தம் மகனையும் மகளையும் அழைத்துக்கொண்டு பில்பாவுக்குப் போனார். சில மாதங்கள் அங்கே இருந்தார்கள். வலேரி ஸ்பெயின் பள்ளிக்கூடத்தில் படித்தான். பிறகு குடும்பம் மாஸ்கோவுக்கே திரும்பியது.

பிற்காலத்தில் கர்லாமோவின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள், "இவன் உடம்பில் ஓடுவது ஸ்பெயின் ரத்தம்; அதனால்தான் இந்தத் துடிப்பு" என்று பேசிக்கொள்வது உண்டு. ரத்தத்துக்கும் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தமோ! ஏழு வயதிலேயே காலில் சறுக்குக் காலணியை மாட்டிவிட்ட தகப்பனாருக்குத்தான் அந்தப் பெருமையில் பெரும் பங்கு சேரவேண்டும்.

தொண்டை வலி செய்த கொடுமை

1961-ம் ஆண்டு மார்ச் மாதம் வலேரிக்குத் தொண்டைப் புண் வந்தது. குழந்தைகளுக்கு வருகிற சாதாரணத் தொண்டை வலிதானே என்று இருந்தார்கள். ஆனால் அது அதோடு போகவில்லை. ஒரு கையும் ஒரு காலும் சரியாக இயங்கவில்லை. டாக்டர்கள் சோதித்தார்கள். இதயத்தில் கோளாறு என்றார்கள்.

இது தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஒருவகைக் கிருமியினால் வரும் தொண்டைப் புண்ணைச் சரியாகக் கவனிக்காவிட்டால், சில வாரங்கள் கழித்து மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வரலாம். அந்தக் காய்ச்சல் சில குழந்தைகளின் இதயத்தையும் தாக்கிவிடும். இதய வால்வுகள் கெட்டுப்போனால் ஆயுள் முழுவதும் தொல்லைதான். தொண்டை வலிக்கு உரிய காலத்தில் டாக்டரிடம் காட்டி மருந்து கொடுத்துவிட்டால் இதைத் தடுத்துவிடலாம்.

வலேரியைப் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வகுப்புக்கு விடவில்லை. நீச்சல் கிடையாது. கோடைகால முகாம் கிடையாது. மற்றப் பையன்கள் விளையாடும்போது அவன் வேடிக்கை பார்த்தான்.

தகப்பனாருக்கு மனம் கேட்கவில்லை. பையனைப் படுக்கையில் போட்டே வைத்தால் அவன் நோயாளியாகவே வளர்ந்துவிடுவான் என்று பயந்தார். அதனால்தான் மனைவிக்கும் சொல்லாமல் 1962-ல் அவனை அந்த அரங்கத்துக்கு அழைத்துப் போனார்.

அவர் செய்தது சரியா? மற்றப் பெற்றோர்கள் செய்யத் தகுந்த காரியம் அல்ல அது. நடுமைதானத்தில் பையன் சுருண்டு விழுந்திருந்தால் அவரை யார் மன்னித்திருப்பார்கள்? ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவர் பையனை விளையாட விட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் அடிக்கடி சோதனை செய்துகொண்டே இருந்தார். கடைசியில் டாக்டர்களே இதயத்தில் குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பையன் பிழைத்தான்!

வயதைக் குறைத்துச் சொன்ன குட்டும் ஒருநாள் வெளிப்பட்டது. குலாகின் அவனை விரட்டவில்லை. மூத்த பையன்களின் கோஷ்டிக்கு மாற்றினார். அவ்வளவுதான்.

பனிக்கட்டி மேல் ஓட்டம்

புல்தரையில் ஆடும் ஹாக்கி நமக்குத் தெரியும். ஐஸ் ஹாக்கி வேறு மாதிரி. தரை முழுவதும் பனிக்கட்டி. சுமார் 60 மீட்டர் நீளம். 30 மீட்டர் அகலம். சுற்றிலும் தடுப்பு. ஆட்டக்காரர்கள் அடியில் கத்தி போன்ற இரும்புப் பட்டை வைத்த காலணி அணிந்து சறுக்கி ஓடுவார்கள். பந்துக்குப் பதில் கெட்டியான ரப்பர் வில்லை. வடை அளவுதான் இருக்கும். எடை சுமார் 160 கிராம். அது பறந்து வந்து முகத்தில் பட்டால் பல் போய்விடும்.

ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். அதில் ஒருவர் கோல் கீப்பர். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். மூச்சு முட்டும் ஓட்டம் என்பதால் ஒருவர் ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஆடுவது அபூர்வம். கோஷ்டி கோஷ்டியாக உள்ளே போவார்கள், வெளியே வருவார்கள்.

இந்த ஆட்டத்தில் எதிரியின் மேல் மோதலாம். தோளால் இடித்துத் தள்ளலாம். அதற்குச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே, ஆட்டக்காரன் என்றால் மலைபோல் இருக்கவேண்டும் என்பது பொதுவான நினைப்பு.

கர்லாமோவ் வளர்ந்து பெரியவனான பிறகும் அவன் உயரம் 173 செண்டிமீட்டர்தான்.

தாராசோவின் கணக்கு

ராணுவக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் அனத்தோலி தாராசோவ். ஐஸ் ஹாக்கியில் இவர் பெயரைச் சொன்னால் ரஷியாவே எழுந்து நிற்கும். அந்த நாட்டில் இந்த ஆட்டத்துக்கு முதல் தேசியப் போட்டி நடந்ததே 1946 டிசம்பரில்தான். எட்டே ஆண்டுகளில், 1954-ல், முதல் தடவையாக உலகப் போட்டிக்குப் போனார்கள். ஆட்டத்தைக் கண்டுபிடித்த கனடாவை 7-2 என்று தோற்கடித்து உலகச் சாம்பியன் ஆனார்கள். அந்த வளர்ச்சியை உருவாக்கியவர்களில் தாராசோவ் முக்கியமானவர்.

அவர் பயிற்சி கடுமையானது. கோடையில் பனி இல்லாத நாட்களில் ஓடச் சொல்வார், பளு தூக்கச் சொல்வார், பல்டி அடிக்கச் சொல்வார். நடனக்காரர்களிடம் இருந்துகூடக் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு என்பார். ஆட்டக்காரனின் மூளையும் ஓடவேண்டும் என்பது அவர் கொள்கை.

அப்பேர்ப்பட்ட நிபுணருக்குக் கர்லாமோவைப் பிடிக்கவில்லை!

பையன் கெட்டிக்காரன் என்பதை அவர் மறுக்கவில்லை. வில்லை அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டது போல் வருகிறது என்பதும் தெரிந்தது. ஆனால் கனடாக்காரர்களின் உருவத்தை நினைத்துப் பார்த்தார். அந்தப் பூதங்களுக்கு நடுவே இந்தப் பொடியன் நசுங்கிப் போவானே என்று கணக்குப் போட்டார். பெரிய பெரிய ஆட்டக்காரர்களைத் தேடுவதில்தான் அவர் கவனம் இருந்தது.

குலாகின் அப்போது தாராசோவின் துணைப் பயிற்சியாளர். அவர் விடவில்லை. பையனை விட்டுவிடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இப்படி ஐந்து ஆண்டுகள் போயின.

1967-ம் ஆண்டு அக்டோபரில் கர்லாமோவ் ராணுவக் கழகத்தின் முதல் அணியில் ஆடினான். நோவோசிபிர்ஸ்க் நகர அணியுடன் ஆட்டம். அவனுக்கு வயது 19. தாராசோவின் சந்தேகம் தீரவில்லை. சில ஆட்டங்களுக்குப் பிறகு உத்தரவு வந்தது: மூட்டை கட்டிக்கொண்டு செபார்குல் போகவேண்டும்!

செபார்குல்

செபார்குல் எங்கே இருக்கிறது? மாஸ்கோவுக்குக் கிழக்கே நெடுந்தூரத்தில், ஊரல் மலைப் பகுதியில் இருக்கிறது. சின்னஞ்சிறு ராணுவ ஊர். பக்கத்தில் ஓர் ஏரி. (2013 பிப்ரவரி 15-ந் தேதி வானத்தில் இருந்து பெரிய விண்கல் ஒன்று வெடித்துச் சிதறியதே, அதன் துண்டு பனி மூடிய இந்த ஏரியில்தான் விழுந்தது. அதுவரை ரஷியாவுக்கு வெளியே ஊரின் பெயரை அறிந்தவர்கள், பெரும்பாலும் கர்லாமோவின் கதையைப் படித்தவர்கள்தான்.)

அங்கே ராணுவத்தாருக்கு 'ஸ்வெஸ்தா' என்று ஓர் அணி. 'நட்சத்திரம்' என்று பொருள். பெயர்தான் நட்சத்திரம். தேசியப் போட்டியின் கீழ்ப் பிரிவில் ஆடுகிற அணி. மாஸ்கோவில் பளபளக்கும் அரங்கத்தில் ஆடியவன், இங்கே வந்து திறந்தவெளிப் பனியில் ஆடவேண்டும். ஊரல் பகுதிக் குளிர் எலும்பைத் துளைக்கும்.

தலைநகரில் இருந்து இப்படிப்பட்ட ஊருக்கு அனுப்பப்படுகிற பையன்கள் பலர் மனம் உடைந்துவிடுவார்கள். இனி நம்மை யார் பார்க்கப்போகிறார்கள் என்று குடிக்கப் பழகுவார்கள். அல்லது ஏனோதானோ என்று ஆடிவிட்டு, ராணுவச் சேவை முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். கர்லாமோவும் அப்படிப் போயிருக்கலாம். தாராசோவ் போன்ற ஒருவரே வேண்டாம் என்ற பிறகு, மேல்முறையீடு செய்ய அந்த நாட்டில் வேறு கோர்ட்டு ஏது?

துணைக்கு ஒருவன் இருந்தான். அலெக்சாந்தர் கூசெவ். அவனும் ராணுவக் கழகத்தில் இருந்து அனுப்பப்பட்ட வாலிபன். தடுப்பு ஆட்டக்காரன்.

ஊர் சின்னது என்பதில் ஒரு வசதியும் இருந்தது. மாஸ்கோவில் பெரிய ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் பெஞ்சியில் உட்கார்ந்திருக்க வேண்டியவன், இங்கே ஒவ்வொரு ஆட்டத்திலும் முன்னால் நின்றான். எதிரிகள் முரடர்கள். மோதினார்கள், இடித்தார்கள். மோத வருபவன் கைக்கு அகப்படாமல் நழுவுவது எப்படி என்று அவன் தினம் தினம் படித்தான். வேகமாகப் போய்க்கொண்டே இருந்து சட்டென்று மெதுவாவான். எதிரி தடுமாறும்போது மறுபடி பாய்வான். தோளை இடது பக்கம் சாய்த்துக் காட்டுவான். போவது வலது பக்கம்! தப்பான வழியில் போனால் திருத்திக்கொள்ள மறுநாளே இன்னோர் ஆட்டம் இருக்கும். பெரிய அணியில் அந்த வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

40 ஆட்டங்களில் 34 கோல் போட்டான்!

கணக்கு மாஸ்கோவுக்குப் போயிற்று. தாராசோவ் பிடிவாதக்காரர். ஆனால் குருடர் அல்ல. 1968-ம் ஆண்டு வசந்த காலத்தில் கர்லாமோவ் ராணுவக் கழகத்துக்குத் திரும்பினான். அந்தக் கோடையில் கருங்கடல் கரையில் நடந்த முகாமில் தாராசோவ் அவனைத் தம் கையில் எடுத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தார்.

செபார்குலுக்கு அனுப்பியது தண்டனையா, பயிற்சியா என்பது பற்றி இன்றும் பேச்சு உண்டு. அதைக் குருவின் தீர்க்கதரிசனம் என்று புகழ்வோர் இருக்கிறார்கள். 2013-ல் வந்த 'லெஜண்ட் நம்பர் 17' என்ற ரஷிய சினிமாவும் ஏறக்குறைய அந்த வழியில்தான் கதையைக் கொண்டுபோகிறது. அப்படிப் புகழ்வது சற்று அதிகம். அந்தக் காலம் பையனுக்கு நன்மை செய்தது நிஜம். ஆனால் அவனை அனுப்பியபோது தாராசோவின் மனத்தில் இருந்தது நம்பிக்கையைவிடச் சந்தேகமே. அவன் கோல் போடாமல் போயிருந்தால் திரும்ப அழைத்திருக்கவா போகிறார்?

மூவர் கூட்டு

ஐஸ் ஹாக்கியில் முன்வரிசையில் மூன்று பேர் ஒன்றாக ஆடுவார்கள். அந்த மூவருக்குள் ஒருவர் மனம் ஒருவருக்குத் தெரியவேண்டும்.

1968 இலையுதிர் காலத்தில் தாராசோவ் மூன்று பேரைச் சேர்த்தார். போரிஸ் மிகைலோவ், விளாதிமிர் பெத்ரோவ், கர்லாமோவ். மிகைலோவ் அடி உதைக்கு அஞ்சாதவர். கோல் வாசலிலேயே நிற்பார். பெத்ரோவ் நடு ஆள். அவர் அடியில் இடி இறங்கும். கர்லாமோவ் இடது ஓரத்தில். இரண்டு பேருக்கு நடுவே வில்லையைக் கொண்டுபோவது அவன் வேலை.

மூவருமே தொடக்கத்தில் யாரும் பெரிதாக நினைக்காதவர்கள் என்பதுதான் வேடிக்கை. மிகைலோவும் பெத்ரோவும் வேறு கழகங்களில் ஆடிவிட்டு 1967-ல்தான் ராணுவக் கழகத்துக்கு வந்தவர்கள்.

1969-ம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் உலகப் போட்டி. மூவரும் ரஷிய அணியில் இருந்தார்கள். ரஷியா வென்றது. ஓர் ஆண்டுக்கு முன்னே ஊரல் மலையில் கிடந்த கர்லாமோவ் 21 வயதில் உலகச் சாம்பியன் ஆகிவிட்டார்!

பிற்பாடு தாராசோவே அவரைப் பற்றிச் சொல்லும்போது, காலில் ஒரு வேகம், கையில் ஒரு வேகம், மூளையில் ஒரு வேகம், மூன்றும் சேர்ந்த ஆட்டக்காரன் என்று வியந்தார். உயரத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

உளவு பார்த்தவர்கள் கதை

ஆட்டக்காரர்களை எடைபோடுவதில் ரஷியர்கள் மட்டும்தான் தவறினார்களா? இல்லை. கனடாக்காரர்கள் தவறியது இதைவிடப் பெரிய கூத்து.

1972 செப்டம்பரில் கனடாவும் ரஷியாவும் எட்டு ஆட்டங்கள் ஆடுவது என்று ஏற்பாடு. அதுவரை உலகப் போட்டிகளுக்குச் சம்பளம் வாங்கும் பெரிய ஆட்டக்காரர்களைக் கனடா அனுப்பியதில்லை. இந்தத் தடவை அவர்களே இறங்கினார்கள். ரஷியர்களை ஒரு கை பார்த்துவிடுவோம் என்று கனடா முழுவதும் ஒரே பேச்சு.

ரஷியர்களின் பலத்தை அறிந்துவர இரண்டு பேரை அனுப்பினார்கள். அவர்கள் சில நாட்கள் தங்கினார்கள். ஓர் ஆட்டத்தில் விளாதிஸ்லாவ் த்ரெத்யாக் என்ற 20 வயதுக் கோல் கீப்பர் எட்டு ஒன்பது கோல் விட்டுவிட்டான். வந்தவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்: கோல் கீப்பர் மோசம்!

மறுநாள் த்ரெத்யாக்குக்குக் கல்யாணம்! மாப்பிள்ளையின் மனம் எங்கே இருந்திருக்கும்? அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்களும் விசாரிக்கவில்லை.

டொரண்டோ நகரப் பத்திரிகைக்காரர் ஒருவர், எட்டு ஆட்டத்திலும் கனடாவே வெல்லும், ரஷியர்கள் ஒன்றில் வென்றாலும் தாம் எழுதியதைக் கிழித்துப் போட்டுத் தின்பதாகச் சபதம் செய்தார்.

செப்டம்பர் 2-ந் தேதி மாண்ட்ரீல் நகரில் முதல் ஆட்டம். ஆரம்பித்த 30-வது விநாடியில் கனடா கோல் போட்டது. சுமார் ஆறரை நிமிடத்தில் இன்னொன்று. அரங்கமே அதிர்ந்தது.

ரஷியர்கள் பதறவில்லை. முதல் பகுதி முடிவதற்குள் 2-2 ஆக்கினார்கள்.

இரண்டாவது பகுதியில் கர்லாமோவ் வில்லையை எடுத்துக்கொண்டு இடது ஓரமாகப் பாய்ந்தார். தடுக்க வந்தவர் அவரைவிடப் பெரிய ஆள். கர்லாமோவ் அவரைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கமாகப் போய்க் கோல் போட்டார். சற்று நேரத்தில் இன்னொரு கோலும் போட்டார். ஆட்டம் முடிந்தபோது ரஷியா 7, கனடா 3!

கனடாவில் சாவு விழுந்த வீடு போல் ஆகிவிட்டது. த்ரெத்யாக் சுவர் போல் நின்றான். பத்திரிகைக்காரர் வாக்குத் தவறவில்லை. தாம் எழுதிய கட்டுரையைக் கிழித்து, ரஷிய பீட்ரூட் சூப்பில் போட்டுத் தின்றார். டொரண்டோ கழகத்தின் உரிமையாளர், கர்லாமோவைத் தமக்குக் கொடுத்தால் பத்து லட்சம் டாலர் தரத் தயார் என்று அறிவித்தார். எந்தப் பணத்துக்கும் ரஷிய அரசு அப்போது யாரையும் விடாது.

கணுக்காலில் அடி

குள்ளனைத் தோளால் நிறுத்த முடியவில்லை. வேறு வழியில் நிறுத்தினார்கள்.

ஆறாவது ஆட்டம் மாஸ்கோவில் செப்டம்பர் 24-ந் தேதி நடந்தது. கனடாவின் பாபி கிளார்க் இரண்டு கையாலும் மட்டையை ஓங்கிக் கர்லாமோவின் இடது கணுக்காலில் அடித்தார். தவறிப்போய்ப் பட்ட அடி அல்ல அது. கர்லாமோவ் நொண்டிக்கொண்டே அந்த ஆட்டத்தை முடித்தார். ஏழாவது ஆட்டத்துக்கு வரமுடியவில்லை. எட்டாவதில் வலியோடு ஆடினார். கடைசி ஆட்டம் முடிய 34 விநாடி இருக்கும்போது கனடா கோல் போட்டுத் தொடரை வென்றது. கனடா நான்கு ஆட்டம், ரஷியா மூன்று, ஒன்று சமம்.

கர்லாமோவுக்கு அடி படாமல் இருந்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும் என்று இரண்டு நாடுகளிலும் இன்றுவரை வாதம் நடக்கிறது.

அவர் வாங்கிய மெடல்களைச் சொல்லி மாளாது. ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம், 1972-லும் 1976-லும். எட்டு முறை உலகச் சாம்பியன். ரஷியத் தேசியப் போட்டியில் 438 ஆட்டங்களில் 293 கோல்.

1976 மே மாதம் கல்யாணம் ஆன சில நாட்களில் கார் விபத்தில் கால் எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. இனி ஆட முடியாது என்று பலர் நினைத்தார்கள். சிறுவயதில் டாக்டர்கள் சொன்னதை மீறியவர் அல்லவா? அதே ஆண்டு நவம்பரில் மறுபடி பனித்தரையில் இறங்கிவிட்டார்!

1981 ஆகஸ்டில் ரஷிய அணி கனடாவுக்குப் புறப்பட்டது. பயிற்சியாளர் விக்தர் தீகனோவ், கர்லாமோவை அழைத்துப் போகவில்லை. அவருக்கு வயது 33. ஒதுக்கப்படுவது அவருக்குப் புதிது அல்ல. ஆனால் இந்த முறை திரும்பி வர நாள் இல்லை. ஆகஸ்ட் 27-ந் தேதி காலை மாஸ்கோவுக்கு அருகே லெனின்கிராட் நெடுஞ்சாலையில், ஈரமான பாதையில் கார் விபத்துக்கு உள்ளாயிற்று. கர்லாமோவும் மனைவி இரீனாவும் மாண்டார்கள். இரண்டு சிறு குழந்தைகள் பாட்டியின் கையில் விடப்பட்டார்கள்.

செய்தி கனடாவில் இருந்த தோழர்களுக்குப் போயிற்று. துக்கத்தோடு ஆடினார்கள். அந்தப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் ரஷியா கனடாவை 8-1 என்று தோற்கடித்தது.

மகனும் வந்தான்

இப்போதெல்லாம் அமெரிக்க, கனடாக் கழகங்கள் ஆண்டுதோறும் உலகெங்கும் இருந்து 18 வயதுப் பையன்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. ரஷியப் பையன்களைப் பார்க்க ஆட்கள் அங்கேயே சுற்றியது உண்டு. உயரம், எடை, ஓட்ட வேகம் எல்லாம் குறிக்கப்படுகிறது. அப்படியும் பவெல் தத்சூக் என்ற மெலிந்த பையனை இரண்டு ஆண்டுகள் ஒருவரும் எடுக்கவில்லை. 1998-ல் 171-வது ஆளாகத்தான் டெட்ராய்ட் கழகம் எடுத்தது. அவர் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகி, 2024-ல் டொரண்டோவில் உள்ள புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். கிரில் கப்ரீசோவ் 2015-ல் 135-வது ஆள். அவரும் உயரம் குறைந்தவர்தான். 2021-ல் அங்கே அந்த ஆண்டின் சிறந்த புதிய ஆட்டக்காரர் என்ற பரிசை வாங்கிவிட்டார்!

அந்தப் புகழ் மண்டபத்தில் கர்லாமோவுக்கு 2005-ல் இடம் கொடுத்தார்கள். ஒரு நாள்கூட அந்த நாட்டுக் கழகத்தில் ஆடாதவர் அவர். ரஷியாவில் வாலிபர் அணிகள் மோதும் தேசியப் போட்டியின் கோப்பைக்கும் 'கர்லாமோவ் கோப்பை' என்றே பெயர்.

அவருடைய மகன் அலெக்சாந்தரும் ஹாக்கி ஆடினான். தகப்பனார் ஆடிய அதே ராணுவக் கழகத்தில் வளர்ந்தான். 1994-ல் அவனுக்கு வயது 18. அமெரிக்காவின் வாஷிங்டன் கழகம் அவனை முதல் சுற்றிலேயே, 15-வது ஆளாக எடுத்தது. தகப்பனாருக்குக் கிடைக்காத வரவேற்பு! கர்லாமோவின் மகன் என்ற பெயரும் அதற்கு உதவியிருக்கும்.

சில ஆண்டுகள் அங்கே கீழ்ப் பிரிவு அணிகளில் ஆடினான். பெரிய அணியில் ஓர் ஆட்டம்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. பிறகு ரஷியாவுக்குத் திரும்பி வந்து, அங்கே ஆடினான்.